வசியின் ரெக்கார்டர்

மயூரா,

கிளமெண்டியில், உன் அம்மா வீட்டில், ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

நான் இசையமைக்கும் படத்தின் கடைசிக் காட்சிக்கு வாத்தியம் அமையவே இல்லை. வீணை, வயலின், சாக்ஸபோன் எல்லாம் வைத்துப் பார்த்தேன். "ரொம்ப அழுவுது சார். ஸ்கூல் பிள்ளை தப்புத்தப்பா ஊதுற மாதிரி இருந்தா போதும் லா," என்றாள் இயக்குநர் சுஷ்மிதா.

நம் வசியின் அறையைத் திறந்தேன். அவன் போனதிலிருந்து ஏழு மாதமாக யாரும் தொடாத பள்ளிப் பையில், தொடக்கநிலை மூன்றில் அவன் ஊதிப் பழகிய பிளாஸ்டிக் ரெக்கார்டர் குழல் இருந்தது. வாய் வைக்கும் இடத்தில் அவன் பல் தடம். உள்ளே அவன் எச்சில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

யார் குழலானாலும் கழுவிவிட்டுத்தான் ஊதுவேன், உனக்குத் தெரியும். கை தானாகக் குழாயைத் திறந்துவிட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்து, துடைத்து, உதட்டில் வைத்த பிறகுதான் உறைத்தது.

அவன் தலையணை உறையைத் துவைத்ததற்காக என் அக்காவிடம் நீ இன்றுவரை பேசவில்லை.

சுஷ்மிதாவுக்கு அந்த ஒலி பிடித்துவிட்டது. வேறெதுவும் வேண்டாம் என்கிறாள். ஊதிய எனக்குச் சோப்பு வாசனைதான் வந்தது.

ரெக்கார்டரை இத்துடன் அனுப்புகிறேன். பல் தடம் அப்படியே இருக்கிறது. மற்றதை நான் கழுவிவிட்டேன்.

அவன் அப்பா