பத்து மணிக் குப்பிகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்பில் குறை ஒன்றும் இல்லை, உனக்கும் அந்த இருமல் விட்டிருக்கும், நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இருபத்து நாலு வயதுக்காரியைப் பாப்பா என்று எழுதாதே என்று நீ சொன்னது நினைவிருக்கிறது, ஆனால் அப்பா முதல் வரியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே கிளம்பினார், இந்த ஒரு முறை பொறுத்துக்கொள். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. இது கம்பெனி வீடு, நாமாகக் கை வைக்கக்கூடாது, குவார்ட்டர்ஸ் ஆபீசில் சொன்னால் குறித்துக்கொள்கிறோம் என்கிறார்கள், மூன்று மாதமாகக் குறித்துக்கொண்டே இருக்கிறார்கள், அப்பா பழைய துண்டைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ எப்படிம்மா இருக்கே என்பாய், நான் இருக்கேன் என்பேன், அதற்கு மேல் எனக்கு வாய் வராது என்று உனக்குத் தெரியும். இன்று புதன்கிழமை, அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன், இதுவரை இரண்டு தடவை எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டிருக்கிறேனா என்று பார்த்தாயிற்று, இத்தனைக்கும் பட்டப்பகல்.

போன கடிதத்தில் நீ கேட்டதற்கு நான் பதில் எழுதவில்லை. பெரிய சாம்ராஜ்யங்களும் பெரிய நிறுவனங்களும் எப்படி எழுகின்றன, ஏன் விழுகின்றன என்ற உன் ஆராய்ச்சிக்காக ஏழு காரணங்களை வரிசையாக எழுதி, ஒரு கம்பெனிக்குள்ளேயே இருபத்தைந்து வருஷம் இருந்தவள் நீ, எது சரி என்று டிக் அடித்து அனுப்பு என்றிருந்தாய். பேனாவைத் திறந்தேன். பேராசை, எதிராளி கொண்டுவரும் புதுக் கருவி, திறமை இல்லாத வாரிசு, இப்படிப் போகிறது உன் பட்டியல். எல்லாவற்றுக்கும் டிக் அடிக்கலாம் போலிருந்தது, அதனாலேயே எதற்கும் அடிக்கவில்லை. எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்று விற்பவனை எப்படிப் பார்ப்பேனோ அப்படித்தான் எல்லா வீழ்ச்சிக்கும் பொருந்துகிற காரணத்தையும் பார்க்கிறேன். அப்புறம் இந்தத் திங்கட்கிழமை ஒன்று நடந்தது. அதை எழுதுகிறேன், எந்தக் கட்டத்தில் போடுவதென்று நீயே பார்த்துக்கொள்.

நீ இங்கிருந்து போகும்போது இரண்டு உலை எரிந்துகொண்டிருந்தது. நீ பிறந்தபோது மூன்று. மருந்துக் கடை, சோடாக் கடை, மைப் புட்டி, சென்ட் புட்டி என்று இந்தப் பக்கத்தில் யார் எதை ஊற்றி மூடினாலும் அது நம் கம்பெனிக் கண்ணாடியாகத்தான் இருக்கும், தெருக்கோடி சலூன்காரர்கூடக் கடைக்கு நம் கம்பெனி பெயரைத்தான் வைத்திருந்தார். பிளாஸ்டிக் வந்தபோது மேனேஜர்கள் அந்தப் பாட்டிலைக் கேன்டீன் மேஜையில் வைத்து விரலால் அமுக்கி அமுக்கிச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த நாலு வருஷத்தில் முதல் உலையை அணைத்தார்கள். கண்ணாடி உலையை அணைப்பது அடுப்பை அணைப்பது மாதிரி இல்லை என்று உனக்கு அப்பா நூறு தடவை சொல்லியிருப்பார், உள்ளே இருக்கும் குழம்பு இறுகிவிடும், செங்கல் வெடித்துவிடும், அப்புறம் மறுபடி பற்றவைக்க முடியாது, இடித்துத்தான் எடுக்க வேண்டும். போன வருஷம் இரண்டாவதும் போயிற்று. இப்போது ஒன்றே ஒன்று, அதற்கு அப்பாதான் பொறுப்பு. பெல்ட்டையும் அப்போதே வேகப்படுத்தினார்கள், இரண்டு உலையில் வந்த எண்ணிக்கை ஒரே உலையில் வர வேண்டுமாம். இந்தக் கடைசி உலையைக் காப்பாற்ற ஊசி மருந்துக் குப்பிக்கு ஒரு பெரிய ஆர்டர் பேசியிருக்கிறார்கள், ஐந்து வருஷ ஒப்பந்தம். மருந்துக் கம்பெனி ஆட்கள் நாளைக் காலை பத்து மணிக்குப் பார்வையிட வருகிறார்கள். அவர்கள் கையில் கடந்த மூன்று மாதச் சோதனை முடிவைச் சான்றிதழாகக் கொடுக்க வேண்டும். லேப் பொறுப்பாளர் கையெழுத்து அதில் வேண்டும், அதாவது என் கையெழுத்து.

திங்கட்கிழமை கேன்டீனில், வெளிச்சப் பலகை முன்னால் உட்கார்ந்து ஓடுகிற பாட்டிலில் கீறல் பார்க்கிற அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உனக்கு நினைவிருக்கும், பள்ளிக்கூடம் விட்டு நீ லேப்புக்கு வந்தால் உன் கண்ணை இழுத்துப் பார்த்து உனக்குப் பார்வை சரியில்லை என்று முதலில் சொன்னவள். சான்றிதழ் எழுதப்போறியாமே என்றாள். ஆமாக்கா என்றேன். டீயை ஆற்றிக்கொண்டே, பத்து மணிக்கு வர்றது மாப்பிள்ளைக் குப்பிடி, தலை சீவி பவுடர் போட்டு உன் முன்னாடி வந்து நிக்குது, மத்த நேரம் என் முன்னாடி ஓடுறதைக் கட்டிக்கிட்டவ நான்தான், என்னைக் கேளு என்றாள். எதிரில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு, நிஜமாவே தெரியாதா, இல்லை தெரியாத மாதிரி இருக்கியா என்று மெதுவாகக் கேட்டாள். நேர்மையாகச் சொன்னால் இரண்டும் இல்லை. வீட்டில் எந்த அலமாரிக் கதவு உரசும் என்று தெரிந்து அந்தக் கதவை மட்டும் திறக்காமலே வருஷக் கணக்காக நடமாடுவோமே, அப்படி.

விஷயம் இதுதான். குப்பி அச்சிலிருந்து வெளியே வந்ததும் ஒரு நீளமான சூட்டுக் கூண்டுக்குள் பெல்ட்டில் மெதுவாகப் போய் ஆற வேண்டும், ஒன்றரை மணி நேரம் ஆகும். அவசரப்படுத்தினால் கண்ணாடிக்குள் இறுக்கம் தங்கிவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, பத்து நாள் கழித்து எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரி அலமாரியில் தானாக விரிசல் விட்டு விரியும். இப்போது பெல்ட் நாள் முழுக்க விரட்டி ஓடுகிறது, காலை எட்டரைக்கு மட்டும் வேகம் குறையும், பத்தே காலுக்கு மறுபடி ஏறும். நான் சோதனைக்குக் குப்பி எடுப்பது பத்து மணிக்கு. அன்று மத்தியானம் மூன்று மணிக்குக் கூடையை எடுத்துக்கொண்டு போனேன். எழவு சொல்ல வந்தவளைப் பார்ப்பது மாதிரி எல்லாரும் பார்த்தார்கள். பெல்ட்காரர், அம்மா, பத்து மணி முடிஞ்சு போச்சே என்றார், கேலி இல்லை, நிஜமாகவே எனக்கு நினைவூட்டினார். நாற்பது குப்பி எடுத்தேன். வெந்நீரில் போட்டு உடனே பச்சைத் தண்ணீரில் போடுகிற சோதனையில் பதினொன்று விரிந்தது. ஒன்றுகூட விரியக்கூடாது. மறுநாள் காலை வந்து பார்த்தால் யாரும் தொடாமல் மேஜை மேலேயே இன்னும் இரண்டு விரிந்து கிடந்தன.

மேனேஜரிடம் போனேன். எதைச் சொன்னாலும் ஆகட்டும் ஆகட்டும் என்பதால் எல்லாரும் ஆகட்டும் என்றே கூப்பிடுகிறார்களே, அவரேதான். முழுவதும் கேட்டுக்கொண்டார். ஏன் உடைந்தது என்று கேட்பார் என்று நினைத்தேன். நீங்க எதுக்கும்மா மூணு மணிக்குப் போனீங்க என்று கேட்டார். பாப்பா, உன் ஏழு காரணத்துக்குப் பக்கத்தில் இந்தக் கேள்வியையும் எழுதிக்கொள். பெல்ட்டை நாள் முழுக்க மெதுவாக ஓட்டுங்கள், எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறையும், குறைவாகத்தான் தர முடியும் என்று மருந்துக் கம்பெனியிடம் சொல்லிவிடலாமே என்றேன். முதன்முறையாக அவர் ஆகட்டும் என்று சொல்லவில்லை, மாடிக்கு முதலாளியிடம் அழைத்துப் போனார். கம்பெனியை ஆரம்பித்தவரின் பேரன் அவர், கெட்டவர் இல்லை, மேஜை மேல் கம்பெனிக்குப் புது முத்திரை என்று மூன்று மாதிரி வரைந்து வைத்திருந்தார், எது நன்றாக இருக்கிறது மேடம் என்று என்னையும் கேட்டார். எண்ணிக்கையை ஏற்கெனவே ஒப்புக்கொண்டாயிற்றாம், குறைத்தால் ஆர்டர் போய்விடுமாம், ஆர்டர் போனால் உலை. பிறகு ரொம்ப மரியாதையாக, மூணு மாசத்துப் பத்து மணிக் கணக்கு எல்லாம் உண்மைதானே, அதுல ஒரு எண்ணாவது பொய்யா, உண்மைக்குக் கையெழுத்துப் போட உங்களுக்கு என்ன தயக்கம் என்றார். அவர் சொன்னது சரி, ஒரு எண்கூடப் பொய் இல்லை. நீ படிக்கிற சக்கரவர்த்திகளுக்கும் எல்லைப்புறத்திலிருந்து இப்படித்தான் ஓலை வந்திருக்கும், ஒரு வரி பொய் இருந்திருக்காது, எந்த மணிக்குப் பார்த்து எழுதினாய் என்று கேட்கத்தான் ஆள் இருந்திருக்காது. இதையும் நான் நிரூபிக்க முடியாது, உன் ஆராய்ச்சியில் போட்டுவிடாதே.

நேற்றுச் சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். வராந்தாவில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பத்து மணி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அதைத்தான் முதலில் சொன்னேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த பெரிய கெமிஸ்ட்டைத் தொழிலாளிகள் பேய் என்பார்கள், எப்போது எங்கிருந்து வந்து நிற்பார் என்று யாருக்கும் தெரியாது, காலை ஆறுக்கும் வருவார், சாப்பாட்டு வேளையிலும் வருவார். நீ வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது அந்தச் சூட்டில் என்னை அலையவிட அவருக்கு மனசு வரவில்லை. அந்தப் பொண்ணு பத்து மணிக்கு ஒரு தடவை வந்தாப் போதும், அப்பத்தான் வழி காலியா இருக்கும் என்று உத்தரவு போட்டார். நீ பிறந்தாய், அவர் ஓய்வு பெற்றார், நான் பொறுப்புக்கு வந்தேன், உத்தரவு அப்படியே இருந்தது. யாரும் மாற்றச் சொல்லவில்லை, எனக்கும் சௌகரியமாக இருந்தது. அதனால் மாப்பிள்ளைக் குப்பிக்கு முதல் பவுடர் போட்டது என் கைதான் என்று சொன்னேன். அப்பா ஒரு ஷூவை முடித்து அடுத்ததை எடுத்தார், ரொம்ப நேரம் தேய்த்தார். பிறகு தலை நிமிராமல், எட்டரைக்கு வேகத்தைக் குறைச்சது நான் என்றார். அப்போது பெல்ட் அவர் பொறுப்பில் இருந்தது. சோதனையில் ஒன்று விரிந்தாலும் நான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு மறுபடி அந்த வெக்கைக்குள் வந்து எடுக்க வேண்டும், அதற்காகத் துளி குறைத்து வைப்பாராம். அன்றைக்கு அது துளிதான், அப்போது பெல்ட் ஒழுங்கான வேகத்தில்தான் ஓடியது. அவருக்குப் பின் வந்தவர் பழக்கம் என்று நினைத்துத் தொடர்ந்தார், அவருக்குப் பின் வந்தவர் விதி என்றே நினைத்தார். இருபத்து நாலு வருஷத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. எனக்குக் கோபம் வந்ததா வேறு ஏதாவதா என்று இப்போதுகூடத் தெரியவில்லை. கையெழுத்துப் போடட்டுமா வேண்டாமா என்று கேட்டேன், உங்கள் உலை அது, நாற்பது பேர் வேலை, இந்த வீடு. குப்பியில என்ன மருந்து போடுவாங்க என்று மட்டும் கேட்டார். குழந்தைகளுக்குப் போடுகிற ஊசி என்றேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம் என்று பேர்.

இன்று காலை லேப்பில் சான்றிதழை எழுதினேன். மூன்று மாதப் பத்து மணிக் கணக்கு ஒரு பக்கம், திங்கட்கிழமை மூன்று மணிக் கணக்கு எதிர்ப்பக்கம், பெல்ட்டின் வேகம் எந்த நேரத்தில் எவ்வளவு என்பது கீழே, அதன் அடியில் என் கையெழுத்து. ஆகட்டும் கையில் கொடுத்தால் அலமாரிக்குள் போய்விடும், அதனால் நாளைக்கு அவர்கள் வரும்போது நானே கொடுக்கப்போகிறேன். வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். வேகத்தைப் பற்றி நீ எழுதினா கேள்விப்பட்டதுன்னு தள்ளிடுவாங்க, குறைச்சவன் சொன்னாத்தான் எடுபடும், கீழே கொஞ்சம் இடம் விட்டு வேற ஒண்ணு எழுதிக் குடு என்றார். எழுதிக் கொடுத்தேன். எந்த வருஷம், யார் சொல்லி, எதற்காகக் குறைத்தேன் என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார், எதற்காக என்ற இடத்தில் மனைவியின் உடல்நிலை காரணமாக என்று எழுதியிருக்கிறார். பிறகு சட்டை மாற்றிக்கொண்டு, இந்தக் கடிதத்தின் முதல் வரியைப் பார்த்துவிட்டு, அவருடைய ஷிஃப்டுக்குப் போய்விட்டார். இன்றைக்கும் உலையை நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார்.

உன்னால்தான் இதெல்லாம் என்று நினைத்துக்கொள்ளாதே, அப்படி நினைக்கிற சுபாவம் உனக்கு உண்டு. உனக்காக இரண்டு பேர் செய்தது தப்பில்லை, நீ பிறந்த மறுமாதமே நான் அதை நிறுத்தியிருக்க வேண்டும், அது என் கணக்கு. நல்லபடியாக இரு, வேலையைப் பாதியில் விட்டு ஓடி வராதே, அப்பாவும் நானும் பார்த்துக்கொள்வோம். எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. இரண்டு கையெழுத்தும் உள்ள தாளின் நகல் இந்த உறைக்குள் இருக்கிறது, பத்திரமாக வை, நான் சொல்லும்வரை யாரிடமும் காட்டாதே. பதில் எழுதும்போது இந்த வீட்டு விலாசத்தைப் போடாதே, அத்தை வீட்டுக்கு எழுது, மாடி அறை காலியாக இருக்கிறது என்று இன்று காலை விசாரித்து வைத்துக்கொண்டேன்.

அன்புடன்,
அம்மா