பங்கருக்குள் நின்ற தண்ணீர்

மார்கழி 1990, வியாழன் இரவு. அச்சுவேலி.

இன்று பின்னேரம் குண்டு போடும் பொம்பர் விமானம் மீண்டும் வந்தது. என் கணவர் செத்து, இவரின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த பிறகு இதுதான் முதல் தடவை.

பக்கத்து வீட்டு நவம் அண்ணை வேலிக்கு மேலால் கத்தினார். "பிள்ளை, நிக்காதை! பங்கருக்குள்ளை ஓடு!"

மகள் சுமதியைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழியாக வெட்டிய பங்கரின் வாசல்வரை ஓடினேன். அதற்கு மேல் எனக்குக் கால் வரவில்லை.

உள்ளே கணுக்கால் அளவு மழைத்தண்ணீர். போன மாதம் இவர் காலில் மண்வெட்டி வெட்டிய காயத்தோடு அதற்குள்தான் எங்களுடன் நின்றார். பிறகு காய்ச்சல் வந்தது, கண் மஞ்சளானது, சலம் கழிக்க முடியாமல் போய்விட்டது. "எலிக்காய்ச்சல், தங்கச்சி. எலியின்ரை சலம் கலந்த தண்ணி புண்ணிலை பட்டால் வாறது" என்றார் டொக்டர். குண்டுக்குப் பயந்து நெல் மூட்டைகளையும் பங்கருக்குள்தான் அடுக்கியிருந்தோம். நெல்லைத் தேடி எலிகளும் அங்கே குடிவந்துவிட்டன.

"அம்மா, அப்பாக்கு இதுக்குள்ளைதானே வருத்தம் பிடிச்சது?"

"ஓம்."

"அப்ப நாங்கள் வெளியிலை நிப்பமோ?"

அதற்குள் பொம்பர் குண்டு போடத் தாழப் பதிந்தது. நான் இறங்கினேன். பிள்ளையின் பாதம் தண்ணீரில் படாமல் தோளில் ஏற்றி வைத்திருந்தேன். அவள் என் தலையைக் கட்டிப்பிடித்துக் குனிந்துகொண்டாள். குண்டு எங்கோ தூரத்தில் விழுந்தது.

வெளியே வந்ததும் கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் காலைக் கழுவினேன். என் குதிக்காலில் இருந்த வெடிப்பைச் சுமதி பார்த்துவிட்டாள். வாளியைப் பிடித்து அதன்மேல் தண்ணீர் ஊற்றினாள்.

"காணும், குஞ்சு, ஊத்தினது போதும்" என்றேன்.

அவள் நிறுத்தவில்லை.