கலயத்தில் யார் போடும் அரிசி?

ஆம்பூர், 6 ஜூலை 1929, சனி

கலயத்தில் அரிசி இருந்தது. நான் போடவில்லை.

உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி காணிக்கைக் கலயத்துக்கு. சனிக்கிழமை அன்னம்மாள் வந்து கோயிலுக்கு வாங்கிப்போவாள். என் மகள் ரூத்தைப் புதைத்த பிறகும் ஆறு மாதம் பழக்கத்தில் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். போன சனிக்கிழமை, அன்னம்மாள் வாங்கிப்போன பிறகு, பெட்டியின் அடியில் ரூத்தின் பாவாடை கிடைத்தது. அன்றோடு நிறுத்திவிட்டேன்.

வெறும் கலயத்துக்கு ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. அன்னம்மாள் ஸ்தோத்திரம் சொல்லிக் கொட்டிக்கொண்டு போனாள். அவள் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

7 ஜூலை, ஞாயிறு

பெண்கள் பக்கம் கீர்த்தனை எடுத்துக்கொடுப்பவள் நான். இன்று தொண்டை கட்டியதாகச் சொல்லி வாயை மட்டும் அசைத்தேன். ரூத்தின் காய்ச்சலுக்குப் பதினோரு நாள் முழங்காலில் நின்று இதே கீர்த்தனையைத்தான் பாடினேன். கேட்காதவருக்கு இன்னும் எதற்குப் பாட்டு?

அன்னம்மாள் எடுத்தாள், எட்டுக்கட்டையில். நடுவில் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

9 ஜூலை

மறுபடியும் அரிசி. அன்னம்மாள்தான். நான் பள்ளிக்கூடம் போனதும் பின்கதவால் வருகிறாள். தானே நிரப்பிவிட்டு ஒருநாள் உபதேசியாரிடம் போய், "டீச்சரம்மா விசுவாசத்த பாத்தீங்களா?" என்பாள். வேதபாடம் நடத்துகிறவளுக்கே விசுவாசம் இல்லையென்றால் ஊர் சிரிக்காதா?

11 ஜூலை

அரிசியின் மேல் விரலால் கோடு கிழித்துவிட்டுப் போனேன். சாயங்காலம் கோடு அப்படியே இருந்தது. நானும் போலீஸ்காரி ஆகிவிட்டேன்!

12 ஜூலை

காலையில் கோடு இல்லை. இரவு கதவைத் தாழிட்டது நான்தானே?

13 ஜூலை, சனி

கலயத்தில் நாலைந்து அரிசி பழுப்பேறிக் கிடந்தது. ஆவாரம்பட்டைச் சாயம். தோல் பதனிடும் மண்டியில் பட்டைத் தண்ணீரில் கைவைக்கிறவர் விரலை விட்டுப் போகாத சாயம்.

என் வீட்டுக்காரர் கன்னியப்பன்!

கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கினவர். அதற்குப்பின் கோயில் படி மிதித்ததில்லை. அந்தப் பதினோரு நாளும் நான் உள்ளே ஜெபிக்க, இவர் வாசலில் உட்கார்ந்து பீடி குடித்தார். இவருக்கு எதற்குக் காணிக்கை? எனக்குத் தெரியாமல் என்ன வேண்டுதல்? வேற புள்ள வேணுமாமா? ரூத்த அதுக்குள்ள மறந்தாச்சா?

பேசவில்லை. சோறு மட்டும் வைத்தேன்.

15 ஜூலை

கேட்டேவிட்டேன். "கலயத்துல அரிசி போடறது நீங்கதானே?"

"ஆமா."

"இன்னாத்துக்கு?"

தலையைச் சொறிந்தார். "உனக்கும் மேல இருக்கறவருக்கும் சண்டை. நான் நடுவுல வர்ல. அதுக்காக சோத்த நிறுத்திடறதா?"

"சண்டைன்னு யார் சொன்னது?"

"பொண்ணு போனப்போ என்கூட ஒரு மாசம் பேசாம இருந்தியே. ஒரு வேளையாவது எனக்கு சோறு வெக்காம இருந்தியா? அந்தச் சோத்த பாத்துத்தான், நீ என்னிக்காவது பேசுவேன்னு நம்பிக்கையா இருந்தேன்."

எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

16 ஜூலை

ஜெபம் பண்ணினேன். ஜெபமா அது? திட்டினேன். ரூத் பேரைச் சொல்லிச் சொல்லித் திட்டினேன். கடைசியில் ஆமென் மட்டும் தானாக வந்தது.

காலையில் கலயத்தில் ஒரு பிடி போட்டேன். அவர் போட்டது ஏற்கெனவே இருந்தது. எடுக்கவில்லை.

20 ஜூலை, சனி

"இன்னா டீச்சரம்மா, இந்த வாரம் ஜாஸ்தி கனக்குது?" அன்னம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும். இனி சந்தேகப்படுவது அவள் முறை.

21 ஜூலை, ஞாயிறு

இன்று நான்தான் கீர்த்தனை எடுத்தேன், அதையே. இரண்டாம் சரணத்தில் அடுத்த அடியை எடுக்க முடியவில்லை. அன்னம்மாள் வாயைத் திறப்பதற்குள் வாசல் பக்கமிருந்து ஓர் ஆண்குரல் அந்த அடியை எடுத்தது. சுதி இல்லை, தாளம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர், படியேறாமல் வெளியே நின்று பாடிக்கொண்டிருந்தார்.

ஒரு வார்த்தை தப்பவில்லை. எங்கே கற்றார்? எங்கள் வீட்டில் அந்தப் பாட்டு ஒலித்தது அந்தப் பதினோரு நாள்தான்.

நான் தனியாகத்தான் பாடினேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.