கண்ணாடிச் சட்டத்துக்குள் என் பெயர்

மார்ச் 3, திங்கள்

மருந்துக்கடையில் சேர்ந்து இன்றோடு ஒரு மாதம். என் மருந்தாளுநர் பதிவுச் சான்றிதழ் கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அது இல்லாமல் மருந்துக்கடை திறக்க அனுமதி கிடையாது. அதற்குக் கீழே முக்காலியில் நான். இருவரில் கடைக்கு அதிகம் உபயோகப்படுவது சட்டம்தான். முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்: "உன் சர்டிஃபிகேட் மாட்டியிருந்தாப் போதும்மா. வியாபாரத்தை அவரு பாத்துப்பாரு."

அவர் என்றால் கத்திரி அண்ணன். பத்தொன்பது வருடமாக இங்கே விற்பனையாளர். மாத்திரை அட்டையைப் பார்க்காமலே கேட்ட எண்ணிக்கைக்கு நறுக்கித் தருவார். டாக்டர் சீட்டு வேண்டாம், ஒன்றும் வேண்டாம். தொண்டை வலியா, மூன்று ஆன்டிபயாட்டிக். சளியா, மூன்று. சாதாரணச் சளிக்கு இது ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்?

நேற்று அப்பா தன்னோடு பெயின்ட் அடிக்கிற இருவரைக் கூட்டிவந்து, வாசலில் நின்றபடியே சட்டத்தைக் காட்டினார். "எத்தனை சுவரு அடிச்சிருக்கோம். ஒண்ணுலயாவது நம்ம பேரு இருக்கா? அங்க பாரு, என் பொண்ணு பேரு." முக்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

மார்ச் 5, புதன்

625 மில்லிகிராம் ஆன்டிபயாட்டிக் மாத்திரை தீர்ந்துவிட்டது. கத்திரி அண்ணன் ஒருவருக்கு 375-ஐ இரண்டிரண்டாகப் போடச் சொல்லிக் கொடுத்தார். "சின்னது ரெண்டு சேந்தா பெரிசு ஒண்ணு. இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கும்!"

அதில் இருப்பது ஒரு மருந்து இல்லை, இரண்டு. அமாக்சிசிலின் கிருமியைக் கொல்லும். அது ஒரு வகைப் பென்சிலின். அதைச் சிதைக்கக் கிருமி விடுகிற ஆயுதத்தைக் கிளாவுலனிக் அமிலம் முடக்கும். பெரிய மாத்திரையிலும் சின்ன மாத்திரையிலும் இந்த இரண்டாவது ஒரே அளவுதான். சின்னதை இரட்டித்தால் இதுவும் இரட்டிக்கும். வயிறு படாதபாடு படும்.

இவ்வளவையும் சொன்னேன். எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"என்னம்மா?" என்றார்.

"ஒண்ணுமில்லண்ணே."

ஒண்ணுமில்லையாம். தூ.

மார்ச் 6, வியாழன்

முடிவு செய்துவிட்டேன். இந்த மாத்திரை வாங்குகிற ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வியாவது கேட்பேன். ஒன்றே ஒன்று.

மார்ச் 7, வெள்ளி

"பென்சிலின் அலர்ஜி உண்டா?" பதினோரு பேரிடம் கேட்டேன். பதினோரு பேரும் "இல்லை". கத்திரி அண்ணன் சிரித்துச் சிரித்து இருமினார். "தலை எண்ண வந்த ஆபீசர் மாதிரி ஆயிட்டியேம்மா!"

சிரிக்கட்டும்.

மார்ச் 8, சனி

இதை இன்றே எழுதிவிடுகிறேன்.

என் வெள்ளைக் கோட்டைத் தைத்துக் கொடுத்த தையல்காரம்மா மத்தியானம் வந்தார். கன்னம் ஒரு பக்கம் புடைத்திருந்தது. பல் டாக்டர் எழுதிய சீட்டு, எல்லாம் ஒழுங்காக இருந்தது. என் கேள்வியைக் கேட்டேன். "அதெல்லாம் இல்லம்மா." நானே எடுத்துக் கொடுத்தேன். காலை, இரவு, சாப்பாட்டோடு, ஐந்து நாள்.

படி இறங்கும்போது திரும்பிச் சிரித்தார். "நல்லவேளை, மாத்திரையா எழுதினாரு. சின்னவன் பொறந்தப்ப ஏதோ ஊசி போட்டு மூஞ்சியெல்லாம் வீங்கி, மூச்சே நின்னுபோச்சு. பென்சிலின் ஊசின்னாங்க. அதுலேர்ந்து ஊசின்னா வேணவே வேணாம், மாத்திரை குடுங்கன்னு கேட்டு வாங்கிடுவேன்."

எனக்கு விளங்குவதற்கும் குரல் வருவதற்கும் நடுவில் அவர் தெருவில் கலந்துவிட்டார்.

கத்திரி அண்ணனிடம் சொன்னேன். "ஊசி வேற, மாத்திரை வேறம்மா." முதலாளியிடம் சொன்னேன். "டாக்டர் சீட்டு இருக்கு, வித்தாச்சு. உக்காரு."

உட்காரவில்லை.

இரண்டு தெரு. ஓடியிருக்கிறேன். நானா? பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கக்கூட வாய் வராதவள். தையல் மிஷினுக்கு முன்னால் அவர் ஒரு கையில் தண்ணீர், ஒரு கையில் மாத்திரை. பேச நேரமில்லை. தட்டிவிட்டேன். மாத்திரை துணிக் குவியலுக்குள் போய் விழுந்தது.

"ஏய், என்ன பொண்ணு நீ! அறிவிருக்கா?"

"இது பென்சிலின்தாங்க! ஊசியில இருந்தா என்ன, மாத்திரையில இருந்தா என்ன, உங்க உடம்புக்கு அது தெரியாதுங்க!" தெருவே கேட்டிருக்கும்.

அவர் முகம் மாறியது. "அட்டையில அந்தப் பேரே இல்லையேம்மா…"

இல்லைதான். பல் டாக்டருக்கு அங்கிருந்தே போன் போட்டுக் கொடுத்தேன். அவரும் கேட்டாராம், இவர் அவரிடமும் "இல்லை" என்றாராம். வேறு மருந்து எழுதித் தருகிறேன், வரச் சொல்லுங்கள் என்றார்.

தப்பு தையல்காரம்மாமேல் இல்லை. என் கேள்விமேல். பரீட்சைக்குப் படித்த மாதிரியே கேட்டால் யாருக்கு என்ன புரியும்?

மார்ச் 10, திங்கள்

முதலாளி எதிர்பாராத அளவுக்கு இனிமையாகப் பேசினார். "வித்த மாத்திரையைத் தட்டிவிட ஓடுற கடையை எங்கயாவது பாத்திருக்கியாம்மா? சனம் பயந்துடும். நாளையிலேர்ந்து நீ வீட்டுலயே இரு. சம்பளம் தப்பாம வந்துடும். சட்டம் மட்டும் இங்க இருக்கட்டும்."

அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "நான் ஏணிமேல நின்னு வெயில்ல காயறேன். உனக்கு உக்காந்த எடத்துல சம்பளம். இதுக்குத்தான்டி படிக்கணும்ங்கிறது."

"அந்த மாத்திரையைத் தின்னு யாராவது செத்தாங்கன்னா, சுவத்துல இருக்கிறது என் பேருப்பா."

"நீ வித்தாதான? நீ வீட்டுல இருக்கே."

சாப்பாட்டுத் தட்டை எடுத்துவைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

கடை திறந்த உடனே போனேன். முக்காலியைச் சுவர் ஓரம் இழுத்துப் போட்டு ஏறினேன்.

"ஏய், எறங்கு கீழ!" என்று முதலாளி கத்தினார்.

"எறக்கத்தான் ஏறினேன்."

சட்டத்தைக் கழற்றி, துப்பட்டாவில் சுற்றி, வந்துவிட்டேன். பின்னால் கத்திரி அண்ணன், "ஐயையோ, கடையை எப்படித் தொறந்து வெக்கிறது?" என்றது கேட்டது. அதை அவர்கள்தான் யோசிக்கணும்.

அம்மா என்னைச் சமையல்கட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். "என்ன சொன்னே உன் முதலாளிகிட்ட? இன்னொரு தடவை சொல்லு." சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்பா சட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

கடையின் ஷட்டர் மூன்று நாளாக இறங்கிக் கிடக்கிறது. அப்பாவின் பேச்சும்.

பயமாக இருக்கிறது. வேறு யார் வேலை தருவார்கள்? இருந்தாலும் சட்டத்தை அங்கே திரும்ப மாட்டமாட்டேன். சும்மா மாட்ட அது காலண்டர் இல்ல.

மார்ச் 15, சனி

முதலாளி வீட்டுக்கே வந்தார். வேறு சான்றிதழ் தேடியிருக்கிறார், அகப்படவில்லை. இதற்குள் தையல்காரம்மா தன் கதையைத் தெரு முழுக்கத் தைத்துக் கொடுத்திருக்கிறார். "அந்தப் பொண்ணு இருக்கிற கடைதான் எனக்கு" என்கிறாராம்.

"சட்டத்தை எடுத்துட்டு வாம்மா."

"அது தனியா வராதுங்க. நானும் வருவேன். என் முக்காலி முன்னாடி இருக்கணும். சீட்டு இல்லாம ஆன்டிபயாட்டிக் ஒண்ணுகூடக் கொடுக்கக் கூடாது. பெரிசு இல்லன்னா சின்னது ரெண்டு கிடையாது, டாக்டரைக் கேட்டுத்தான் மாத்தணும். வாங்க வர்ற எல்லார்கிட்டயும் நான் கேப்பேன், எவ்ளோ நேரமானாலும்."

குரல் நடுங்கியது. ஆனால் கேட்டது. திண்டாடிப்போய்த் தலையாட்டினார்.

அப்பா உள்ளறையில் இருந்தார். இருமினார், அவ்வளவுதான்.

மார்ச் 27, வியாழன்

புதுக் கேள்வி: "ஊசியோ மாத்திரையோ சிரப்போ, எது போட்டாவது எப்பவாவது உடம்பு தடிச்சுதா, மூஞ்சி வீங்குச்சா, மூச்சு முட்டுச்சா?" இதுவரை மூன்று பேருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. மூன்று பேரையும் டாக்டரிடம் திருப்பி அனுப்பினேன். வயிற்றுப்போக்கு அதிகமானாலோ கண் மஞ்சளானாலோ உடனே டாக்டரைப் பாருங்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். கத்திரி அண்ணன் "போச்சு, மூணு பேர் போச்சு" என்று விரல் மடக்குகிறார்.

ஏப்ரல் 2, புதன்

வரிசையில் நாலாவது ஆளாக அப்பா. பழைய பெயின்ட்டைச் சுரண்டுகிற தகடு உள்ளங்கையில் கிழித்துச் சீழ் வைத்திருக்கிறது. வீட்டில் காட்டவே இல்லை. கட்டுப் போட்ட கையால் டாக்டர் சீட்டை நீட்டினார். 625, காலை, இரவு, ஐந்து நாள். என்னிடம் பேசி மூன்று வாரம்.

எல்லோரிடமும் கேட்கிற மாதிரியே கேட்டேன்.

"காதுல விழல. சத்தமா," என்றார். விழுந்திருக்கும். எனக்குத் தெரியாதா?

சத்தமாகக் கேட்டேன். வரிசையே திரும்பியது.

"இல்லம்மா. எதுவும் ஆனதில்ல," என்றார் வாடிக்கையாளர்.

"ஒரே நேரத்துக்குப் போடுங்க. அட்டையை விட்டுப் பிரிச்சு டப்பாவுல கொட்டாதீங்க, ஈரம் பட்டா கெட்டுப்போகும். வலி போச்சுன்னு பாதியில நிறுத்தாதீங்க. மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் குடுக்காதீங்க."

"சரிங்க."

அவர் கண் என்னைத் தாண்டிச் சுவருக்குப் போய், திரும்ப என்னிடமே வந்தது.

ஏப்ரல் 5, சனி

காயம் காய்ந்துவிட்டது. "போதாதா?" என்று அம்மாவைவிட்டுக் கேட்டனுப்பினார். "போதாது" என்று சொல்லியனுப்பினேன்.

ஏப்ரல் 7, திங்கள்

அப்பா விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விட்டார். எழுந்து பார்த்தால், இந்த நோட்டின் மேல் ஒரு மாத்திரை அட்டை. பத்துக் குழியும் காலி.