விடை சரி, வழி எங்க?

அச்சு மையின் வாசம் வீட்டை விட்டு இன்னும் போகவில்லை. நீ போன முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கவிருக்கும் நினைவு மலரின் சரிபார்ப்பு அச்சுப்படியை உன் தம்பி நேற்று என் சென்ட் லோரன்ட் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். உன் கணிதத்தைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த பக்கத்தைத்தான் முதலில் தேடினேன். வாசிக்க வழுவழுவென்று இருந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

'பழைய கணிதத்தின் பிழைகளைப் பிரெஞ்சு அறிஞர்கள் திருத்திய வரலாற்றை ஆராய்ந்தவர். எல்லோரையும் நம்பும் வெள்ளை மனத்தவர்.' நான் எழுதியது இதுவல்ல; வழியைக் காட்டாமல் எதையும் நம்பாத சந்தேகக்காரி என்றுதான் எழுதியிருந்தேன். நீ பார்த்திருந்தால் கிழித்தே போட்டிருப்பாய்.

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாம் இருவரும் ஒரே வீட்டில் இருந்து படித்த காலத்தில், சமையலறை மேசையில் ஆப்பிளை மெல்லிய துண்டுகளாக வெட்டிக்கொண்டே பொரிந்து தள்ளுவாய். பூச்சியமும் அல்லாத, அளவென்றும் சொல்ல முடியாத நுண்ணளவுகளைக் கூட்டித்தான் முன்னோர் பரப்புகளைக் கண்டுபிடித்தார்கள். பின்னால் வந்த பிரெஞ்சுக் கணிதர்கள் விடைகளை அப்படியே வைத்துக்கொண்டு, வழியை மட்டும் 'எல்லை' என்ற கருத்தால் திரும்ப எழுதினார்கள். திருத்தம் தேவைதான் என்பதை நீ மறுக்கவில்லை. முன்னோர் தடுமாறிய இடமெல்லாம் பாடப் புத்தகத்திலிருந்து காணாமல் போனதுதான் உனக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவு சுத்தமா இருந்தா ஆரோ துடைச்சிருக்கினம்," என்பாய்.

என்னையும் நீ விட்டுவைத்ததில்லை. ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்து, சுகமாகி வீட்டுக்கு வந்துவிடுவாய் என்றேன். கணக்குத் தாள் திருத்துகிறவளின் குரலில் கேட்டாய்.

"விடை சரி. வழி எங்க?"

என்னிடம் வழி இருக்கவில்லை. அழுதுவிட்டேன். நீ கையை விடவில்லை.

தம்பிக்கு நேற்றே போன் எடுத்தேன். "சபையில வாசிக்கிறது அக்கா. சந்தேகக்காரி எண்டு எப்பிடிப் போடுறது?" என்றான். அவனைக் குறை சொல்லி என்ன, போனவர்களை நாம் எல்லோரும் இப்படித் துடைத்துத்தானே மலரில் வைக்கிறோம். ஆனால் அந்தப் பழைய கணிதர்களுக்கு நடந்தது உனக்கும் நடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எழுதியதை எழுதியபடி போடு, இல்லாவிட்டால் என் பெயரை எடுத்துவிடு என்றேன்.

இன்று பின்னேரம் அவனே கூப்பிட்டான். நான் எழுதியபடியே எல்லாம் மாற்றியாயிற்றாம். நல்ல பிள்ளை, பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். நன்றி சொல்லிப் போனை வைத்திருக்கலாம்.

"மாத்தின தாளை அனுப்பு தம்பி," என்றேன். "பாக்கவேணும்."