காதிஸில் உன் அப்பா தூங்கினார்

காதிஸ்,
சனிக்கிழமை காலை

அன்பு மகள் நியேவெஸுக்கு,

இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீ சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் நலம். எப்போதும் எழுதுகிற வார்த்தைதான், ஆனால் இந்த முறை மெய்யாகவே அப்படித்தான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு நீ பயந்துபோவாய்.

நீ அனுப்பிய ரயில் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உன் அப்பா பிடித்த பிடிவாதம் உனக்குத் தெரியும். இதய ஆபரேஷனுக்குப் பிறகு அவர் படுக்கையில் சாய்வதே இல்லை என்பதும் தெரியும், விடிந்ததும் நீ கூப்பிட்டு முதலில் கேட்பதே அதைத்தானே. மயக்க மருந்து கொடுத்துக் கண்ணை மூடியபோது இனி திறக்கப்போவதில்லை என்று நினைத்தாராம். அன்றிலிருந்து நாற்காலியும் எரிகிற விளக்கும்தான். டாக்டரோ, இதயம் நன்றாகத்தான் இருக்கிறது, தூங்காமல் இவரே அதைக் கெடுத்துக்கொள்வார் என்று என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டார். உனக்கு இதைச் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே. சரி, நான் மட்டும் தெற்கே போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பெட்டியை எடுத்து வைத்தேன். "தனியாப் போய் வழி தவறுறதுக்கா?" என்று முணுமுணுத்துக்கொண்டே சட்டையை மாற்றினார்.

நேற்று விடிகாலையில் நம் பலென்சியாவில் ஏறி, அடுத்த ஊர் வல்லாடோலிட் வந்ததுமே இறங்கித் திரும்பிவிடலாம் என்றார். மாட்ரிட்டில் வண்டி மாறும்போதும் அதையே சொன்னார். கோர்தோபா தாண்டிய பிறகுதான் அந்தப் பேச்சு நின்றது, அதுவும் எதிர் இருக்கையில் இருந்த பாஸ்தோரா என்கிற அம்மாளின் புண்ணியம். நான் வீட்டில் செய்துகொண்டு போன உருளைக்கிழங்கு முட்டை அடை வைத்த ரொட்டியைப் பிரித்து, வழக்கம்போல அவரிடமும் நீட்டினேன். நீட்டுவது நம் மரியாதை, வேண்டாம், நீங்கள் நன்றாகச் சாப்பிடுங்கள் என்று சொல்வது அவர்கள் மரியாதை. அந்த அம்மாள் வாங்கிக்கொண்டார்! அதுவும் உன் அப்பாவுக்கென்று வைத்த பாதியை. அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "என்ன பாக்குறீங்க? நீட்டினா வாங்க மாட்டாங்கன்னு நம்பித்தான் உங்க பலென்சியாவுல நீட்டுவாங்களா?" என்று அந்த அம்மாள் மென்றுகொண்டே கேட்டார். அப்புறமும் இவர் பேசாமல் இருக்கவே, "வாயைத் திறந்தா குளிர் உள்ள போயிடும்னு மூடியே பழக்கம் போல. இங்க வெயில்தான், தைரியமாத் திறங்க" என்றார். இறங்கும்போது எனக்கு ஒரு புத்திமதி வேறு. "முதல் நாள் ஒண்ணையும் பாக்காதீங்க. மீன் தின்னுங்க, தூங்குங்க. ஊரைச் சுத்தியும் கடலு, எங்க ஓடிடப் போவுது?"

அப்படியே செய்தோம். பெட்டியை விடுதியில் போட்டுவிட்டு நிழல் விழுந்த சந்துகளில் கால் போன போக்கில் நடந்தோம், காகிதக் கூம்பில் பொரித்த மீன் வாங்கிக் கடலோர பெஞ்சில் உட்கார்ந்து விரலால் எடுத்துத் தின்றோம். உப்பு ஜாஸ்திதான், ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன். கீழ்க்காற்று அனலாக வீச ஆரம்பித்ததும் அறைக்கு வந்தால், அந்தச் சின்ன அறையில் நாற்காலியே இல்லை. உன் அப்பா நான்கு மூலையையும் பார்த்தார். நான் ஜன்னலின் சுருள் கதவை இறக்கி அறையை இருட்டாக்கினேன். "பகல்தானே, சும்மா காலை நீட்டிக்கிறேன்" என்றார். கொஞ்ச நேரத்தில் அவர் மூச்சு தூக்கத்து மூச்சாக மாறியது. அதைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். இத்தனை மாதமாக ஒரு காதைத் திறந்து வைத்தே தூங்கியவள் நான், எப்போது கண் அசந்தேன் என்று தெரியவில்லை.

அவர்தான் என்னை உலுக்கினார். சவரம் செய்து, சட்டை மாற்றி, சுருள் கதவைத் தூக்கி விட்டிருந்தார். தெருவெல்லாம் வெளிச்சம். "விசி, எழுந்திரு, விடிஞ்சிடுச்சு! ராத்திரி பூரா தூங்கியிருக்கேன்!" என்றார். நானும் நம்பினேன் மகளே, நம்பி முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே இருந்த பாருக்குப் போனேன். அவர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று, பால் காப்பியும் தக்காளி தடவிய ரொட்டியும் கேட்டார், காலைப் பலகாரமாம். பரிமாறுகிறவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஐயா, அது நாளைக்குத்தானே? இப்ப ராத்திரி சாப்பாட்டுக்கே யாரும் வரலையே" என்றார். வாசல் பக்கம் திரும்பினேன். பெண்கள் உடுத்திக்கொண்டு உலாவப் போகிறார்கள், பிள்ளைகள் கையில் ஐஸ்கிரீம், சூரியன் கடல் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஜூன் மாத வெளிச்சம் எங்களை ஏமாற்றிவிட்டது. மதியத் தூக்கத்திலிருந்துதான் எழுந்து வந்திருக்கிறோம். "வடக்கத்திக்காரங்க நம்மள முந்திக்கிட்டு நாளைக்கே போய்ச் சேர்ந்துட்டாங்கப்பா!" என்று ஒருவர் கத்த, பாரே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு ராத்திரியைக் கடந்துவிட்டேன் என்று அவ்வளவு சந்தோஷப்பட்டாரே, இனி படுக்கவே மாட்டாரே என்று அவரையே பார்த்தேன். அவர் மழித்த கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கடலைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தையல் போட்ட இடத்தில் கையை வைத்து அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அப்ப இந்த நாள் இன்னும் முடியலையா, விசி? நான் முடிஞ்சிடுச்சுன்னுல்ல நினைச்சேன்!" என்றார். கேட்ட காப்பியைக் குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, இருட்டும்வரை ஊரோடு ஊராகக் கடற்கரையில் நடந்தார். அறைக்கு வந்ததும் விளக்கை அவரே அணைத்தார்.

உனக்கு எப்படி நன்றி சொல்வது? பெற்ற பிள்ளைக்கு யாரும் நன்றி சொல்வதில்லை, நான் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை முடிந்து வந்ததும் வெறும் வயிற்றோடு படுக்காதே. கம்பளி காலுறை இல்லாமல் வெளியே போகாதே, நீ இருக்கிற அந்த வடகோடி பெர்கனின் கோடையை நான் நம்பமாட்டேன். மாதா உன் கூடவே இருந்து காக்கட்டும், உன் கைபட்ட நோயாளிகள் எல்லாரும் எழுந்து நடக்கட்டும்.

இன்று நீ கூப்பிட்டபோது ஏன் குரல் இப்படி இருக்கிறது என்று கேட்டாய், தொண்டை கட்டிக்கொண்டது என்றேன். பொய். குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுத்தேன். இனிமேல் காலையில் அவ்வளவு சீக்கிரம் கூப்பிடாதே. அந்நேரம் உன் அப்பா தூங்கிக்கொண்டிருப்பார்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
விசித்தாசியோன்