ஒரு படி உப்பும் மாமாவோட இடது கையும்

பிப். 3, செவ்வாய்
காலைல செம பனி. உப்பளம் ரோடே தெரியல. ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆக பத்து நிமிஷம்.

ரஹ்மான் மாமா வீடு. துபாய்ல டீ மாஸ்டரா இருந்துட்டு, உப்பளத்துக்கு எதிர்ல சொந்தக் கடை வச்சவரு. போன வருஷம் ஸ்ட்ரோக். இடது கை. என் ஆக்குபேஷனல் தெரபி மேற்படிப்பு ஆய்வுக்கு அவர்தான் கேஸ். இன்னிக்கு ஸ்பாஞ்சுப் பந்தைத் தூக்கி வாசல்ல எறிஞ்சிட்டாரு.

"இத அமுக்கி நான் என்னாம்மா பண்ணப் போறேன்?"

எனக்குக் கோவம். அப்புறம் உறைச்சுது. ரெண்டு மாசமா விரல் எவ்ளோ மடங்குதுன்னு அளந்திருக்கேன். அந்தக் கையால என்ன செய்ய ஆசைன்னு ஒரு தடவகூட கேக்கல. மாஸ்டர் டிகிரியாம்!

கேட்டேன். யோசிக்கவே இல்ல. "டீ ஆத்தணும்."

பிப். 4
கைடு மேடத்துக்கு போன்.
"டீயா?"
"ஆமா மேடம். ரெண்டு கையும் வேணும். ஒண்ணு மேல, ஒண்ணு கீழ."
"பதினஞ்சாம் தேதி வர்றேன். அவர் செஞ்சு காட்டலன்னா ஆய்வுத் தலைப்ப மாத்திடு."

வாங்க: டீ ஆத்துற மக்கு 2, பழைய சைக்கிள் ட்யூப் (பிடியில சுத்த), ஷாம்பு.

தண்ணிய ஆத்திப் பழக ஆரம்பிச்சா வீடெல்லாம் ஈரம். மாமி கொன்னுடுவாங்க.

பிப். 6, வெள்ளி
உப்பு!! உப்பளத்துல வேலை செய்ற செல்வியக்கா ஒரு படி குடுத்தாங்க. சிந்தினா அள்ளிக்கலாம். ஜும்ஆ முடிஞ்சு மாமா உக்காந்தாரு. மக்குலேர்ந்து மக்குக்கு. பாதி மடியில.

மாமி: "என் சமையலுக்கு வச்சிருந்தது இல்லியே?"

மாமா சிரிச்சாரு. நான் பாத்து மொத சிரிப்பு.

பிப். 9
இப்ப தண்ணி. இருபது தடவைல பதினொண்ணு சிந்தாம. இடது கை நடுங்குது, ஆனா மக்க விடல.

வீட்டுக்கு வந்தா அத்தா: "பிசியோ படிப்பு எப்பம்மா முடியுது?" பிசியோ இல்லத்தா. நூறாவது தடவை.

நெத்திலி வறுவல். ரெண்டு தட்டு சோறு.

தலைப்பு மாறினா ஆறு மாசம் போச்சு. நெனைக்காத.

பிப். 12
இருபதுல பதினேழு! ஆனா பதினஞ்சாம் தேதி கடைல ஆத்திக் காட்ட வரமாட்டாராம். "நாலு பேரு முன்னாடி கொட்டிட்டா?"

மாமி உள்ளேர்ந்து: "துபாய்ல மொத நாள் கொட்டலியா?"
"கொட்டினேன். அரபி மேலயே."

மூணு பேரும் சிரிச்சு எனக்கு விலாவே வலி. வர்றாராம்.

பிப். 15, ஞாயிறு
வெயில். கடையில உப்பளத்து ஆளுங்க எட்டு பேரு, மொத பெஞ்சுல செல்வியக்கா. மேடம் நோட்டோட ஓரமா. டீ வெதுவெதுப்பாத்தான் இருக்கணும்னு என் கண்டிஷன்.

மாமா பிஸ்மி சொல்லிட்டு ஆரம்பிச்சாரு. மொத தடவை பாதி மேசைல. அவரே தொடச்சாரு. மறுபடி. வலது கை மேல போகுது, இடது கை கீழ எறங்குது, நடுவுல ஒரு முழத்துக்கு டீ. ஒரு சொட்டு சிந்தல. நுரை!

செல்வியக்கா விசில். ஒரு ஆளு, "இன்னா பாய், சுடவே இல்ல?" கடையே சிரிப்பு. மேடம் நோட்ட மூடிட்டாங்க. "தலைப்பு இதேதான். எனக்கு சக்கரை கம்மியா ஒண்ணு."

கடைசி கிளாஸ் எனக்கு. கையில வச்சுக்கிட்டு அழுதுட்டு நின்னேன்.

மாமா: "ஏற்கெனவே ஆறின டீ அது. இன்னும் ஆற விடாதம்மா, குடி."